குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள்: போர்டு செய்பவர்களுக்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் வழிகாட்டி

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட். ஜனவரி மாதம். பழத்தைத் தோல் நீக்கிக் கழுவி, கொட்டையைக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். களத்து ஓரமாக எங்கள் பட்டறையில் செய்த ஐந்து சென்சார் பெட்டிகள். வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளந்து, குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் செய்தி அனுப்பும் லோரா ரேடியோ வழியாக எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. மலையில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. ஈரப்பதம் ஏறத் தொடங்கியதும் கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாள் காய்ந்தது ஒரு மணி நேரத்தில் ஈரம் குடித்துவிடும். அன்றைக்கு ஐந்தில் இரண்டு பெட்டிகள் ஈரப்பதம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தன.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எனக்குப் போன் செய்யவில்லை. ஆத்தூரில் இருக்கும் ஒரு தம்பிக்குச் செய்தார். அந்தத் தம்பி எங்களிடம் சம்பளம் வாங்குபவர் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, அதாவது எங்கள் போர்டு, சின்னக் கருவிகளுக்கான ஸெஃபிர் என்ற திறந்த இயங்குதளத்தில் ஓடும்படி நிரல் எழுதி, போர்டுக்குள் ஏற்றும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் தானே பராமரித்து வந்தவர். பகலில் வேறு வேலை, இரவில் இது. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் அவர் பெயர் இருந்ததால் ரைட்டர் அவரைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அவர் இரண்டு ராத்திரி தன் நிரலில் பிழை தேடினார். மூன்றாம் நாள் ஆத்தூரிலிருந்து சேலம் வந்து, ஏற்காடு பஸ் பிடித்து, மேலே போய்ப் பெட்டியைத் திறந்து, சென்சாரின் அடையாள எண்ணைப் படித்தார். பிஎம்இ280 என்ற சிப் ஹெக்ஸ் எண்ணில் 60 என்று பதில் சொல்லும். அதன் உறவான பிஎம்பி280, 58 என்று சொல்லும். இரண்டாவதற்கு ஈரப்பதம் அளக்கவே தெரியாது. வெப்பநிலையும் காற்றழுத்தமும் மட்டும்தான். அந்த இரண்டு பெட்டிகளிலும் இருந்தது 58. எங்களுக்குச் சென்சார் மாட்யூல் விற்ற கடையில் இரண்டு சரக்கும் கலந்து வந்திருக்கிறது. எங்கள் ஃபர்ம்வேர் இரண்டு சிப்பையும் ஏற்றுக்கொண்டு, தெரியாத ஈரப்பதத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அந்தக் கலப்படம் எங்களுக்கு மூன்று வாரம் முன்பே தெரியும். டெஸ்டிங்கில் பதினொரு மாட்யூல் தவறாக இருந்ததைக் கண்டு மாற்றிவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம், யாரிடமும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அந்தத் தம்பி சத்தம் போடவில்லை. “அக்கா, ஒரு வரி எழுதிப் போட்டிருந்தீங்கன்னா ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பேன்” என்றார்.

சூரமங்கலம் பக்கம் நான்கு பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. நிரல் எழுதவென்றே தனியாக ஆள் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை. யாரும் படித்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து விடும் ஓப்பன் சோர்ஸ் நிரலை, இந்த ஊரிலும் உலகம் முழுக்கவும் தன் நேரத்தைக் கொடுத்து எழுதுகிறவர்கள் இல்லாவிட்டால் எங்கள் போர்டு வெறும் பச்சைத் தகடு. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல, என்னைப் போலப் பொருள் செய்பவர்கள் அவர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் காகிதம்

பலரும் முதலில் இலவசமாகப் போர்டு அனுப்புவதிலிருந்து தொடங்குவார்கள். அதைவிட முன்னால் வர வேண்டியது ஆவணம். நிரல் எழுதுபவருக்கு உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் வேண்டும். எந்தப் பின் எதோடு இணைந்திருக்கிறது, எந்த வரிசையில் மின்சாரம் வர வேண்டும், ரீசெட்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், பேட்டரி அளக்கும் ரெசிஸ்டர் இரண்டின் மதிப்பு என்ன. இவை இல்லாமல் அவர் மல்டிமீட்டரும் ஊகமுமாக உட்கார வேண்டியிருக்கும்.

ஸ்கீமேட்டிக்கை, அதாவது மின்சுற்று வரைபடத்தை, முழுதாக வெளியிடுங்கள். படமாக எடுத்து ஒட்டாமல், எழுத்தைத் தேடிப் பார்க்க முடிகிற பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். பின் அட்டவணையைத் தனியாகக் கொடுங்கள். இறக்கிக்கொள்வதற்குப் பெயர், போன் நம்பர், கம்பெனி விவரம் கேட்கும் படிவம் எதையும் முன்னால் நிறுத்தாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள், அதுவும் நல்ல பாதி. ஏனென்றால் ஒப்பந்தம் போட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து எல்லோரும் படிக்கும் நிரலை எழுதுவது அவர்களுக்குச் சிக்கல். 2007-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் முக்கியமான பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன், எந்த நிறுவனத்தின் பொருளுக்கும் இலவசமாக டிரைவர், அதாவது அந்தப் பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் நிரல், எழுதித் தருகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார். அவர் கேட்டதெல்லாம் சிப் எப்படி வேலை செய்கிறது என்ற விவரமும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஓர் இன்ஜினியரும்தான். நிறுவனங்களின் வசதிக்காகத் தேவைப்பட்டால் ரகசிய ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தார். அந்த அளவுக்கு இறங்கி வந்தார்கள் அவர்கள். ஒரு சின்னப் பட்டறை அவர்களை அப்படி இறங்கி வர வைக்க வேண்டியதில்லை.

அதே 2007-ல் ஏஎம்டி தன் ரேடியான் கிராபிக்ஸ் சிப்களின் ஆவணங்களை வெளியிடப் போவதாக அறிவித்தது. இன்று லினக்ஸில் ஏஎம்டி கார்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுவதற்கு விதை அங்கே விழுந்தது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் 2012-ல் வந்தது. அதன் கிராபிக்ஸ் பகுதி வெகுநாள் மூடிய பெட்டியாக இருந்தது. 2014 பிப்ரவரியில் அதன் சிப்பைச் செய்யும் பிராட்காம் அந்தப் பகுதியின் ஆவணத்தை வெளியிட்டது. சில மாதத்தில் எரிக் ஆன்ஹோல்ட் என்ற கிராபிக்ஸ் டிரைவர் வல்லுநரை வேலைக்கு எடுத்து, திறந்த டிரைவரை எழுத வைத்தது. காகிதம் முதலில், ஆள் பிறகு.

குறைப் பட்டியல்

மூன்றாவது காகிதம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் தர மாட்டார்கள். உங்கள் பொருளில் என்னென்ன கோளாறு என்ற பட்டியல். பெரிய சிப் நிறுவனங்கள் இதை எர்ராட்டா என்ற பெயரில் வெளியிடுகின்றன. மைக்ரோகன்ட்ரோலர் எதை எடுத்தாலும் டேட்டாஷீட்டுக்குப் பக்கத்தில் எர்ராட்டா கோப்பும் இருக்கும். நம்மைப் போன்றவர்கள்தான் வியாபாரம் கெட்டுவிடும் என்று பயந்து மறைக்கிறோம்.

ஏற்காடு சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு குறைக்கும் ஐந்து விஷயம் எழுதுகிறோம். எந்த லாட், எந்த சீரியல் எண்ணிலிருந்து எதுவரை. என்ன நடக்கும். மென்பொருள் அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம். இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கலாம். அடுத்த லாட்டில் திருத்துகிறோமா இல்லையா. கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்ற பதிலும் மரியாதையான பதில்தான். தெரியாமல் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் பட்டியலில் இப்போது ஒன்பது வரி இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் பட்டியல் வந்த அதே வாரம், முகம் தெரியாத ஒருவர் சின்ன பேட்ச் ஒன்று, அதாவது நிரலுக்கு ஒரு திருத்தம், அனுப்பினார். பெட்டி உயிர்பெறும்போதே சென்சாரின் அடையாள எண்ணைப் படித்து, 58 என்றால் ஈரப்பதத்தைப் பூஜ்யமாக அனுப்பாமல் “சென்சார் தவறு” என்று செய்தி அனுப்பும் நிரல் அது. இருபது வரி இருக்கும். அதை நாங்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு வேலை: போர்டின் வெர்ஷன் எண்ணைப் போர்டு மேல் அச்சடிப்பதோடு நிற்காமல், மென்பொருளே படிக்கும்படி வையுங்கள். வோல்டேஜை எண்ணாகப் படிக்கும் ஏடிசி பின்களில் காலியாக இருக்கும் ஒன்றில் இரண்டு ரெசிஸ்டர் போதும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ரெசிஸ்டர் மதிப்பை மாற்றினால் படிக்கும் வோல்டேஜ் மாறும். ராஸ்பெர்ரி பையிலும் ரிவிஷன் எண்ணை நிரலே படித்துத் தெரிந்துகொள்ள முடியும். காபித் தோட்டத்து உச்சியில் கம்பத்தில் கட்டிய பெட்டியைத் திறந்து அச்செழுத்தைப் படிக்க யாரும் ஏற மாட்டார்கள். அங்கே மழையும் அட்டையும் வேறு.

காப்பி அடித்துவிடுவார்களே?

இதைக் கேட்காத சேலத்துக்காரர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புதுக் கொலுசு டிசைன் கடை ஜன்னலுக்கு வந்துவிட்டால் சிவதாபுரத்தில் அதே டிசைன் இறங்க எத்தனை நாள் ஆகும் என்று வெள்ளிப் பட்டறைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் போர்டுக்கு வருவதற்கு முன் வெள்ளி உருக்கும் உலைகளுக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் செய்து கொடுத்தவள். அந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காப்பி அடிக்க நினைப்பவருக்கு உங்கள் ஸ்கீமேட்டிக் தேவையில்லை. போர்டை ஒன்று வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார். மறைப்பதால் மாட்டிக்கொள்வது நேர்மையாக நிரல் எழுத வருபவர் மட்டும்தான்.

ஸ்கீமேட்டிக்கைக் கொடுப்பதும், முழு வடிவமைப்பையும் திறந்த உரிமத்தில் விடுவதும் வேறு வேறு. இரண்டாவதைச் செய்தே தீர வேண்டும் என்பதில்லை. செய்வதாக இருந்தால் செர்ன் ஆய்வுக்கூடம் எழுதிய திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள், 2020-ல் வந்தது. மாற்றம் செய்தவர் அதையும் திறந்து விட வேண்டும் என்பதில் எவ்வளவு கண்டிப்பு என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நாங்கள் நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டோம். கோப்புகளைப் போர்டு வரையும் இலவச மென்பொருளான கிகேட்டின் வடிவில் கொடுக்கிறோம், யாரும் காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் திறந்து பார்க்கலாம்.

பொருள் செய்கிற எல்லோரும் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: எது திறந்தது, எது திறக்காதது. திறந்தது என்று பெட்டி மேல் போட்டுவிட்டு ரேடியோ பகுதியை மட்டும் மூடி வைத்தால் அந்தக் கோபம் வருடக்கணக்கில் ஆறாது. மூடியதை மூடியது என்றே எழுதுங்கள். அதை மதிப்பார்கள்.

உரிமக் கடன்

உங்கள் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறதென்றால், லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்படி அதன் மூல நிரலைத் தர வேண்டியது உங்கள் கடமை. தயவு இல்லை, கடன். கர்னல் இருப்பது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில். பெட்டியோடு மூல நிரலைக் கொடுக்காவிட்டால், கேட்பவருக்குத் தருகிறோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும், அந்த உறுதி குறைந்தது மூன்று வருடம் செல்ல வேண்டும். நிரல் என்றால் நிரல் மட்டும் இல்லை. அதை மறுபடி பில்ட் செய்ய, அதாவது ஓடக்கூடிய ஃபர்ம்வேராக மாற்றத் தேவையான ஸ்கிரிப்டுகளும் சேர்ந்தது.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான். ஃபர்ம்வேர் வெளியிடும் ஒவ்வொரு முறையும் அன்றைய மூல நிரல் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி, வெர்ஷன் எண் போட்டு, அன்றைக்கே வெளியிடுங்கள். அப்புறம் நிரலோடு சம்பந்தமே இல்லாத ஒரு லேப்டாப்பில் அதை இறக்கி, எழுதி வைத்திருக்கும் வழிமுறைப்படி பில்ட் ஆகிறதா என்று பாருங்கள். எங்கள் பட்டறையில் இந்தச் சோதனையைக் கணக்கு பார்க்கும் பெண்தான் செய்வார். அவரால் முடிந்தால் யாராலும் முடியும் என்பதற்காக இல்லை. எழுதாமல் விட்ட படியை அவர் நிச்சயமாகக் கேட்பார் என்பதற்காக.

கடனைச் செலுத்தியதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் நிரலாளர்கள் கண்டுபிடித்து, மூல நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து 2004-ல் ரவுட்டர்களுக்கான திறந்த இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. பின்னால் அந்த ரவுட்டரில் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டபோது, லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்காகவே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் விட்டார்கள். அது பத்து வருடத்துக்கு மேல் விற்றது. வைஃபை தொழில்நுட்பம் இரண்டு தலைமுறை தாண்டிய பிறகும் ஆட்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

உள்ளே போவது

ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பை எங்கே விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு விடுவோம் இல்லையா, அதுபோல நிரல் எழுதும் ஒரு சமூகத்துக்குள் போனதும் முதல் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருங்கள். ஸெஃபிருக்கு ஒரு பழக்கம், லினக்ஸ் கர்னலுக்கு ஒரு பழக்கம், புதிதாகக் கற்பவர்கள் விரும்பும் ஆர்டுயினோ போர்டு பக்கம் வேறு. கர்னலுக்கு இன்றும் மின்னஞ்சலில்தான் பேட்ச் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்லவும், எழுத்து நடை சரியா என்று பார்க்கவும் கர்னல் மூலத்துக்குள்ளேயே ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பேட்ச்சின் கீழும் சைன்ட்-ஆஃப்-பை என்ற வரியில் எழுதியவர் தன் பெயரைப் போட வேண்டும். இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் தரும் உறுதி அது. 2004-லிருந்து இருக்கும் வழக்கம். உங்கள் இன்ஜினியரின் பெயரில் போகட்டும், கம்பெனி பெயரில் வேண்டாம். பேட்ச் எழுதியவரே கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

எங்கள் பட்டறைப் பையன் முதலில் அனுப்பியது ஒரே கட்டாக மூவாயிரம் வரி. யாரும் தொடவில்லை. அதையே பதினான்கு சின்ன பேட்ச்சாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு பத்தி எழுதியபோது பத்து நாளில் பதில் வந்தது. பதில் எல்லாம் குறை சொல்லும் பதில்தான். அவன் முகம் வாடிவிட்டது. எங்கள் பாட்டி நெசவுக்காரி. துணியைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து இழை விட்ட இடத்தைத்தான் முதலில் காட்டுவார். அவர் குறை சொன்ன துணியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். வேண்டாத துணியைப் பற்றி அவர் பேசவே மாட்டார். இவர்களும் அப்படித்தான் என்று அவனிடம் சொன்னேன்.

காலக்கெடு விஷயத்தில் பொறுமை வேண்டும். கர்னல் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகும். புது நிரலைச் சேர்ப்பதற்கான வாசல் அதில் இரண்டு வாரம்தான் திறந்திருக்கும். “தீபாவளிக்குப் பொருள் இறங்குகிறது, சீக்கிரம் சேர்த்துவிடுங்கள்” என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். பொருள் கடைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே நிரலை அனுப்பத் தொடங்குங்கள்.

நிரலைப் பொது மூலத்தில் சேர்க்காமல், தனியாக உங்கள் சொந்தப் பிரதியை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்ற ஆசை வரும். நாங்களும் ஒரு வருடம் தள்ளினோம். மேலே மூலத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நாங்கள் உட்கார்ந்து கையால் ஒட்ட வேண்டியிருந்தது. மூலத்தில் சேர்ந்துவிட்டால் அந்த வேலையில் பெரும்பகுதி நம் தலையிலிருந்து இறங்கிவிடும்.

சின்ன விஷயம் ஒன்று. யூஎஸ்பி வைத்த போர்டுக்குத் தயாரிப்பாளர் எண் வேண்டும், அதற்கான கட்டணம் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. திறந்த உரிமத்தில் இருக்கும் திட்டங்களுக்கு 1209 என்ற தயாரிப்பாளர் எண்ணின் கீழ் இலவசமாக ஓர் எண் ஒதுக்கித் தரும் பிஐடி கோட்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. வேறு யாருடைய எண்ணையோ எடுத்துப் போட்டுக்கொண்டால் டிரைவர் எழுதுபவர்கள்தான் அல்லாடுவார்கள்.

போர்டு அனுப்பும்போது

இப்போது அனுப்பலாம். ஒன்றாக அனுப்பாதீர்கள், இரண்டாக அனுப்புங்கள். ஒன்று கருகினால் அவர் வேலை அன்றே நின்றுவிடும். இன்னொன்று கேட்கக் கூச்சப்படுவார். லோரா போர்டு என்றால் ஆன்டெனாவை மாட்டியே அனுப்புங்கள், ஆன்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி கெட்டுப்போகலாம். அலைவரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 868 பக்கம். அமெரிக்காவில் 902 முதல் 928. நம் ஊர் ஆன்டெனாவோடு அமெரிக்காவுக்கு அனுப்பிய போர்டு அலமாரியில்தான் இருக்கும். லித்தியம் பேட்டரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், விமானப் பார்சலில் அது நின்றுவிடும். வெளிநாடு என்றால் சுங்கவரி அவர் தலையில் விழுமா என்று முன்பே கேட்டு, விழுந்தால் நீங்கள் கட்டுங்கள். இலவசமாக அனுப்பிய பொருளுக்கு அவர் பணம் கட்டி வாங்குவது நன்றாக இல்லை.

சீரியல் போர்ட் பின்களைப் போர்டில் வெளியே கொண்டுவந்து, பெயர் அச்சடித்திருங்கள். தவறான ஃபர்ம்வேர் ஏறினாலும் மீட்டெடுக்க வழி வையுங்கள். 2024 இறுதியில் ஓப்பன்டபிள்யூஆர்டி சமூகமே முன்னின்று கொண்டுவந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் ரவுட்டரில் இரண்டு ஃபிளாஷ் சிப் வைத்திருக்கிறார்கள். ஒன்று அன்றாட வேலைக்கு, இன்னொன்று மீட்புக்கு, நடுவில் ஒரு சுவிட்ச். நிரல் எழுதுபவர்கள் தங்களுக்கென்று ஒரு பெட்டி செய்தால் எதை முதலில் கேட்பார்கள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பார்சலுக்குள் நிபந்தனை வைக்காதீர்கள். இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், எங்களைப் பற்றி நல்லபடி எழுத வேண்டும், வேறு கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்றெல்லாம். பத்துப் பேருக்கு அனுப்பி இரண்டு பேர் ஏதாவது செய்தால் அது நல்ல விளைச்சல். மற்ற எட்டுப் பேரையும் ஞாபகப்படுத்தித் தொந்தரவு செய்யாதீர்கள்.

பணமும் ஆளும்

அன்புக்காகச் செய்கிறார்கள் என்பதற்காகப் பணம் பேசக் கூடாது என்றில்லை. அவர்கள் விரும்பிச் செய்வது ஒன்று. உங்களுக்கு இந்த மாதமே வேண்டும் என்று நீங்கள் கேட்பது வேறு. இரண்டாவதற்குக் கூலி கொடுங்கள். தொகையை முதலில் பேசுங்கள், டிடிஎஸ் பிடிப்பீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், வேலை முடிந்த வாரமே கொடுங்கள். ஆத்தூர்த் தம்பிக்கு இப்போது நாங்கள் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறோம். பெரிய தொகை இல்லை. ஆனால் ரைட்டரின் போன் இப்போது எங்கள் பட்டறைக்கு வருகிறது, அவருக்குப் போவதில்லை. தொகையைவிட அதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார்.

2014-ல் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் சந்தைக்கு வந்தபோது அதன் ஆவணம் பெரும்பாலும் சீன மொழியில் இருந்தது. ஆர்வலர்கள் தாங்களே மொழிபெயர்த்து, தோண்டித் துருவி ஓட வைத்தார்கள். சிப்பைச் செய்த எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் அவர்களை விரட்டவில்லை. அதே ஆண்டில் நிரல் கருவிகளை வெளியிட்டது. அந்தச் சிப்பை ஆர்டுயினோவில் ஓட வைத்த இவான் குரோகோட்கோவைப் பின்னால் வேலைக்கே எடுத்துக்கொண்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இன்று அந்தக் குடும்பத்துச் சிப் குவிந்து கிடப்பதற்கு விலை ஒரு காரணம், அந்தப் பழக்கம் இன்னொரு காரணம்.

எதிர்மாறான வழியும் உண்டு. 2024 ஜனவரியில் ஹையர் நிறுவனத்தின் ஏசி போன்ற பொருட்களை வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் திறந்த மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் நிரலை எழுதிய ஒருவருக்கு நிரலை நீக்கச் சொல்லி நோட்டீஸ் போனது. நாலா பக்கமும் எதிர்ப்பு எழுந்து, சில நாளில் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. உங்கள் சர்வரில் பாரம் ஏறுகிறது என்ற நியாயமான கவலையாகவே இருக்கட்டும். வக்கீலிடம் போவதற்கு முன் அந்த ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அன்று சாயங்காலமே சரிசெய்துவிடுவார், பாரம் ஏறுவது அவருக்கும் பிடிக்காது.

எங்கள் பட்டறையில் சமூகத்துக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை வைத்திருக்கிறோம், விற்பனை பார்ப்பவர் இல்லை, போர்டை சால்டர் செய்கிற கையுள்ளவர். இரண்டு வேலை நாளுக்குள் பதில். விடை தெரியாவிட்டால் “தெரியவில்லை, வியாழக்கிழமை அளந்து பார்த்துச் சொல்கிறேன்” என்று பதில். வியாழக்கிழமை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் காலத்தில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். அவர்களை இலவச வேலையாட்களாக நடத்தும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும். ஆளுக்கு ஒரு போர்டு கையில் கொடுத்து, குறைப் பட்டியலில் ஒரு வரியைக் காட்டி, அதைத் தீர்த்து மூலத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் பெயரில் போகட்டும். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே கொண்டு போய் அறிமுகம் செய்து விடுங்கள். பஸ் காசு நீங்கள் கொடுங்கள்.

நிறுத்தும்போது

எல்லாப் பொருளும் ஒருநாள் நிற்கும். எங்கள் முதல் போர்டை நிறுத்தியது பழைய ரேடியோ மாட்யூல் கிடைக்காமல் போனதால். ஆறு மாதம் முன்பே எழுதிப் போட்டோம்: கடைசி லாட் எத்தனை, எந்த மாதம் வரை சர்வீஸ், அதற்குப் பிறகு யாரைக் கேட்பது. அதுவரை வெளியிடாமல் வைத்திருந்த டெஸ்டிங் நிரலையும், டெஸ்ட் செய்யும் பலகையின் வரைபடத்தையும் சேர்த்து வெளியிட்டோம். பெட்டி எங்கள் சர்வர் இல்லாமலே ஓடும்படி கடைசி ஃபர்ம்வேர் ஒன்று கொடுத்தோம். கடைசி லாட்டில் முப்பது போர்டை விற்காமல் எடுத்து வைத்து, அந்த நிரலைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டாக அனுப்பினோம்.

நாகலூர் களத்தில் இருக்கும் ஐந்து பெட்டிகளும் அந்தப் பழைய போர்டுதான். இந்தப் பருவத்துக்கு முன்னால் ஆத்தூர்த் தம்பியும் எங்கள் பையனும் மேலே போய், பட்டியலில் இருக்கும் எட்டாவது வரியைத் திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டு வந்தார்கள். ஒன்பதாவது வரி இன்னும் அப்படியே இருக்கிறது: பேட்டரி குறையும்போது, குளிரான காலையில் பெட்டி ஒருமுறை தானே ரீசெட் ஆகும். காரணம் பிடிபடவில்லை. அளந்தவரை எல்லாம் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம்.